சந்தாதாரர் எண்ணிக்கையைக் காட்டலாமா? – கேள்வி பதில்

கேள்வி: வலைப்பூ தொடங்கி நாலு மாதம் ஆகிறது. 37 சந்தாதாரர்கள். அந்த எண்ணை முகப்பில் போட்டால் கூட்டம் வருமா?

இப்போதைக்கு வேண்டாம். தவறாமல் படிக்கிற 37 பேர் என்றால் ஒரு வகுப்பறை நிறைய ஆள். ஆனால் புதிதாக வருபவருக்கு அது தெரியாது. ஒரு பத்தி படிப்பதற்குள் அந்த 37 கண்ணில் பட்டு, ‘இங்கே யாரும் வருவதில்லை போல’ என்று தோன்றிவிடும். அந்த இடத்தில் நீங்கள் எழுதியதில் சிறந்த மூன்று பதிவுகளை வையுங்கள்.

கேள்வி: எண்ணைப் பார்த்து ஆள் வருவார்கள் என்பதற்குச் சான்று ஏதாவது உண்டா?

உண்டு. 1969-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க் நடைபாதையில் ஒருவரை நிறுத்தி, ஆறாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். கடந்து போனவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேரை அப்படி நிறுத்தியபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள். கூட்டம் கூட்டத்தை இழுக்கும் என்று நாம் சொல்வது வெறும் பேச்சில்லை.

அதைவிட நமக்கு நெருக்கமானது 2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு. 14,000-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் தெரியாத இசைக்குழுக்களின் பாடல்களைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், எந்தப் பாட்டை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற எண்ணும் தெரிந்தது. எண் தெரிந்த இடத்தில் முன்னே போன பாட்டு இன்னும் முன்னே போனது. எண் தெரிந்தவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்திருந்தார்கள்; எது முன்னே போகும் என்பதோ அந்தக் குழுவுக்குக் குழு மாறியது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானது மேலே வருவதும் அரிது. நடுவில் உள்ளவை எங்கே வேண்டுமானாலும் போய் நின்றன.

நம்மில் பெரும்பாலோர் அந்த நடுவில்தான் இருக்கிறோம். அதனால் எண் நமக்கு உதவவும் செய்யும், கவிழ்க்கவும் செய்யும். பெரிய எண் இழுக்கிற அதே வேகத்தில் சின்ன எண் தள்ளிவிடும்.

கேள்வி: என் செய்தியோடை (RSS) வாசகர் எண்ணிக்கை ஞாயிற்றுக்கிழமை குறைந்து, திங்கள் அன்று ஏறுகிறது. ஆட்கள் விலகிச் சேர்கிறார்களா?

இல்லை. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் ஃபீட்லி போன்ற திரட்டிகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவை உங்கள் ஓடையை எடுத்துப் போகும். வரும்போது தன் பெயரோடு ‘16 சந்தாதாரர்கள்’ என்று ஒரு துணுக்கை விட்டுச் செல்லும். உங்கள் சர்வர் பதிவேட்டைத் திறந்தால் அந்த வரியைப் பார்க்கலாம். கணினியில் நிறுவிய வாசிப்பு மென்பொருள்களோ ஒவ்வொன்றாக வந்து கேட்கும். விடுமுறையில் ஒரு வாசகரின் கணினி அணைந்திருந்தால் அவர் கணக்கில் வரமாட்டார். ஓடை வாசகர் எண்ணைக் காட்டும் ஃபீட்பர்னர் பட்டை எல்லார் பக்கத்திலும் மின்னிய காலத்தில் வார இறுதி தோறும் இதே கலக்கம்தான். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற திரட்டி மூடப்பட்டபோது அதில் படித்தவர்கள் மொத்தமும் கணக்கிலிருந்து போனார்கள். எழுதுபவர் செய்த தவறு எதுவும் அதில் இல்லை.

கேள்வி: ஆயிரம் சந்தாதாரர்களை மலிவாகத் தருவதாக மெயில் வந்திருக்கிறது…

வாங்காதீர்கள். அந்த முகவரிகளில் பல செத்தவையாக இருக்கும். மெயில் அனுப்பினால் திரும்பி வரும். திரும்பி வருவது கூடினால் உண்மையான வாசகருக்குப் போகும் மெயிலும் ஸ்பேமில் விழும். அமெரிக்காவில் 2024 முதல், வியாபாரத்துக்காகச் சமூக ஊடகங்களில் போலிப் பின்தொடர்பவர்களைத் தெரிந்தே விற்பதற்கும் வாங்குவதற்கும் விதிப்படி தடை உண்டு.

கேள்வி: 52 பேர். போடலாமா?

முதல் பதிலேதான்.

கேள்வி: என்னிடம் 80 பேர்…

முதல் பதிலைப் படியுங்கள். ஆயிரமாக்க யாரிடமும் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எண் சின்னதாக இருந்தால் மறை, பெரிதானால் காட்டு என்கிறீர்கள். இது வாசகரை ஏமாற்றுவது இல்லையா? எண்ணை மறைக்கும் வசதியை யூடியூபே 2022-இல் எடுத்துவிட்டதே!

நல்ல கேள்வி, இதை நானும் நெடுநாள் யோசித்திருக்கிறேன். யூடியூப் அதை எடுத்ததற்குக் காரணம், சிலர் பிரபலமான சேனலின் பெயரையும் படத்தையும் போட்டுக்கொண்டு, எண்ணை மறைத்துப் பின்னூட்டங்களில் ஆள் பிடித்ததுதான். அங்கே எண் ஓர் அடையாளச் சான்று. உங்கள் வலைப்பூவில் நீங்கள் வேறு யாராகவும் நடிக்கவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு.

மறுப்பு: உங்கள் பக்கத்தில் எண்ணைப் பார்த்துத்தான் நான் சந்தா சேர்ந்தேன். இப்போது அதை எடுத்துவிட்டீர்கள்!

எடுத்தேன், உண்மை. அது இருந்தவரை தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மூன்று பேர் குறைந்தால் முந்தைய நாள் எழுதியதைத் திருத்த உட்கார்ந்துவிடுவேன். எழுத நினைத்த இரண்டு தொடர்கள் அப்படியே நின்றுபோயின. நீங்கள் எண்ணைப் பார்த்து வந்தீர்கள், சரி. இத்தனை நாள் இருப்பதும் அதனால்தானா?

மறுப்பு: இல்லை. ஆனால் எண் இல்லாவிட்டால் வந்தே இருக்க மாட்டேன்.

ஒப்புக்கொள்கிறேன். உங்களைப் போன்ற சிலரை இழக்கிறேன் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

கேள்வி: எண்ணைக் காட்ட எந்த விட்ஜெட் நல்லது?

வார்ப்புரு செய்பவர்களைக் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி: விளம்பரம் தருபவர் எண் கேட்கிறார். முகப்பில் போட்டே ஆக வேண்டுமா?

தேவையில்லை, தனியாக அனுப்புங்கள். மெயில் சந்தா எத்தனை, ஓடை எத்தனை, எந்தத் தேதியில் எண்ணியது என்று பிரித்து எழுதுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். இரண்டிலும் இருப்பவர் இரண்டு தடவை எண்ணப்பட்டிருப்பார்.