லேவன்ஹாமின் சாய்ந்த வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் கேம்பிரிட்ஜில் இருக்கிறேன். அடுத்த மாதம் அம்மா வருகிறார். இரண்டு நாளில் சஃபோக் கவுண்டியின் சந்தை ஊர்களைக் காட்ட ஆசை. எங்கெல்லாம் போகலாம்? டன்விச் என்ற கடற்கரை ஊரையும் பார்க்க வேண்டுமா? லேவன்ஹாமின் ஐந்நூறு வருட மரவீடுகளைப் படத்தில் பார்த்தே பிரமித்துவிட்டேன். பழமையைப் போற்ற ஆங்கிலேயரிடம்தான் கற்க வேண்டும்.

ர.

அன்புள்ள ர.,

அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள், சந்தோஷம். பரி செயின்ட் எட்மண்ட்ஸுக்குப் புதன் அல்லது சனி போங்கள், அன்றுதான் சந்தை. டன்விச்சின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது, விட்டுவிடுங்கள்.

உங்கள் கடைசி வரிதான் உறுத்துகிறது. படித்த பிள்ளை இப்படி எழுதலாமா? லேவன்ஹாம் நீலக் கம்பளித் துணியால் கொழித்த ஊர். 1524 வரிக்கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் அதற்கு 14ஆவது இடம். அப்புறம் விலை மலிந்த மெல்லிய துணி வேறு ஊர்களிலிருந்து வந்தது, தறிகள் ஓய்ந்தன. ஆனால் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் காசு இருந்தது. அங்கே 18ஆம் நூற்றாண்டில் பழைய மரவீடுகளுக்கு முன்னால் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். மரச்சட்டம் தெரிவது அன்று கௌரவக் குறைச்சல். லேவன்ஹாமில் பெரும்பாலோருக்கு அதற்கு வக்கில்லை. அதனால்தான் அந்த வீடுகள் அப்படியே நின்றன. பிற்காலத்தவர் அக்கறையாகப் பாதுகாத்தார்கள், சரி. ஆனால் முதலில் காத்தது இல்லாமை.

1525இல் மன்னர் எட்டாம் ஹென்றி பிரான்ஸ் போருக்குப் பணம் கேட்டபோது, துணி வியாபாரிகள் கூலி கொடுக்க முடியாமல் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் லேவன்ஹாம் பக்கம் திரண்டார்கள். உங்கள் தலைவன் யார் என்று மன்னர் தரப்பில் வந்த நார்ஃபோக் பிரபு கேட்க, ஜான் கிரீன் என்பவர் சொன்ன பெயர்: வறுமை. அக்கால வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்த ஊரின் கில்ட் மண்டபம், அதாவது அந்தக்காலச் சங்கத்தார் கூடிய கட்டடம், பிற்பாடு சிறையாகவும் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியாகவும் இருந்தது. இதெல்லாம் உங்கள் படத்தில் தெரியாது, தம்பி.

பல வருடம் முன்பு அங்கே மழைக்கு ஒரு வாசலில் ஒதுங்கினேன். கை தற்செயலாக ஓக் தூணில் பட்டது. சாம்பல் பூத்த மரம். ரேகை பிளந்த இடத்தில் விரல் நுனி உள்ளே போகிறது. இரும்பாணி இல்லை, மர ஆப்புகளின் தலைகள் துருத்தி நிற்கின்றன. ஈரம் காயாத மரத்தில் கட்டியதால், காயக் காய முறுக்கிக்கொண்டு வீடே ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. மழை விட்டும் நான் நகரவில்லை. துணி நெய்தவர்களின் கூலியில் எழுந்த வீடு இது என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படம் அப்புறம் எடுக்கலாம்.