ஊட்டி எங்கே போய்விடப் போகிறது?

அன்புள்ள அக்கா,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு நாலு வயது, எல்கேஜி. சின்னவனுக்கு ஒன்றரை. வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார், ஜூலைக் கடைசியில் இருபத்தைந்து நாள் லீவில் வருகிறார். வருவதற்கு முன்னாலேயே வேன் பேசி, ஐந்து நாளில் ஊட்டி, கொடைக்கானல் இரண்டும் என்று பிளான் போட்டுவிட்டார். மூட்டுவலியோடு மாமியாரும் வருகிறார். எனக்கு நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. பெரியவளுக்குத் திருவாரூர் போகிற பஸ்ஸிலேயே வாந்தி வரும். "ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது, ஏன் காசைக் கரியாக்குறீங்க" என்கிறார் என் அம்மா. அதுவும் சரிதானோ என்று தோன்றுகிறது. அவர் ஆசையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. போகலாமா? போனால் எப்படிச் சமாளிப்பது?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். ஆனால் இந்தத் தடவை ஊட்டிக்கும் வேண்டாம், கொடைக்கானலுக்கும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் கவனிக்காமல் விட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் என்றால் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை. பாலைவன வெயிலில் வெந்துகொண்டிருக்கிறவருக்கு ஊட்டி என்றதும் குளிரும் பச்சையும்தான் கண்ணுக்குள் வரும், அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. 2019 ஆகஸ்டில் அங்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எல்லா வருடமும் அப்படிப் பெய்யாதுதான், ஆனால் மண் சரிந்தது, மரம் விழுந்து ரோடு அடைத்தது என்பதெல்லாம் அந்த மாதங்களில் அங்கே சாதாரணச் செய்தி. அதெல்லாம் நடக்காத நல்ல வருடத்திலும், ஒன்றரை வயசுப் பிள்ளையின் ஈரத்துணி ஐந்து நாளும் காயாது. லாட்ஜ் கட்டில் கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஜட்டிகளைப் பார்த்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மழையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இரண்டாவது, கணக்கு. இரண்டு மலை என்றால் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், ஆக நாலு மலைப்பாதை. திருவாரூர் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு நாலு. கண்ணுக்கு வண்டிக்குள்ளே எல்லாம் அசையாமல் தெரிகிறது, காதுக்குள்ளே இருக்கிற உறுப்பு மட்டும் உடம்பு ஆடுகிறது என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். இரண்டு வயசுக்குக் கீழே இது அவ்வளவாக வராது, அதற்குமேல் பன்னிரண்டு வயசு வரைக்கும்தான் அதிகம். ஆகவே சின்னவன் தூங்கிவிடுவான், பெரியவள் பாடுதான் திண்டாட்டம்.

எனக்கு இது தெரிந்தது பட்டுத்தான். மகளுக்கு மூன்று வயதும் மகனுக்கு எட்டு மாதமுமாக இருந்தபோது நாங்களும் இதே மாதிரி வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஆரம்பித்தது. முதல் கவர், இரண்டாவது கவர், மூன்றாவதற்குக் கவர் இல்லாமல் என் முந்தானை. மேலே போனால் நாங்கள் போட்டிருந்த லாட்ஜில் ராத்திரி பதினோரு மணிக்கு வெந்நீர் இல்லை, காலையில் ஆறு மணிக்குத்தான் என்றார்கள். பால் பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, அது சுத்தமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மறுநாள் லிஸ்ட்டில் ஒன்பது பாயிண்ட். ஒன்பதையும் பார்த்தோம், அதில் ஆறில் பனி மூடி ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் இறங்கி, நின்று, போட்டோ எடுத்து, ஏறினோம். திரும்பி வந்து வீட்டுக்காரர் எல்லோரிடமும் "எல்லாம் பார்த்தாச்சு" என்றார். நான் மூன்று நாள் படுத்துவிட்டேன்.

இப்போது மகள் காலேஜில் படிக்கிறாள். கொடைக்கானலில் குதிரை ஏறியது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்கிறாள். அவள் குதிரை ஏறவே இல்லை, பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தோம், அவ்வளவுதான். ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குதிரை மேல் தானே ஏறிக்கொண்டுவிட்டாள்.

இங்கேதான் உங்கள் அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது சரி. மூன்று, மூன்றரை வயசுக்கு முன்னால் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் பிற்காலத்தில் நினைவில் நிற்பதில்லை. நாலு வயசுக்காரி அடுத்த ஆடி வரைக்கும் கதை கதையாகச் சொல்லுவாள், பத்து வயசில் பாதி போய்விடும். ஆனால் ஞாபகம் இருக்காது என்பதற்காகச் செய்யாமல் விடுவதென்றால் தாலாட்டுப் பாடியிருக்க வேண்டாம், நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியிருக்கவும் வேண்டாமே. உங்கள் சின்னவனுக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற முகம். அந்த முகத்துக்கு வியர்வை வாசனை கிடையாது, தூக்கினால் எவ்வளவு உயரம் என்று தெரியாது, மீசை குத்தாது. இருபத்தைந்து நாளில் அந்தப் பிள்ளை அழாமல் அப்பா தோளில் தூங்கிப் பழகவே முதல் ஒரு வாரம் போய்விடும். அதற்கு நடுவில் வேனில் ஏற்றி, முன் சீட்டில் அப்பா, பின் சீட்டில் வாந்திக் கவரோடு அம்மா என்று ஐந்து நாள் ஓட்டுவதில் யாருக்கு என்ன லாபம்?

சரி, எங்கே போவது? சிரிக்காதீர்கள், கும்பகோணத்துக்கு. மன்னார்குடியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ரூம் போட்டுத் தங்குவதா என்று ஊரே கேட்கும், கேட்கட்டும். மூன்று ராத்திரி, ஒரே ரூம், ஒரே கட்டில். தினம் ஒரு ஊர் மாறினால் குழந்தைக்கு ராத்திரி தூக்கம் வராது. அதோடு நீங்கள் சமைக்க வேண்டாம், எனக்கு இதுதான் முக்கியம். நம் வீடுகளில் குடும்பத்தோடு டூர் போவது என்றால் பாதி இடத்தில் ஸ்டவ்வும் குக்கரும் கூடவே வரும், அம்மாக்களுக்கு அடுப்பு மட்டும்தான் இடம் மாறும். லீவில் வந்த பிள்ளையையா வேலை வாங்குகிறாய் என்று உங்கள் மாமியார் கேட்கலாம். சின்னவனைக் கழுவிவிடுவதும் ஊட்டுவதும் அந்த மூன்று நாளும் அவன் அப்பாதான் என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் காலையில். சாயங்காலம் வேண்டுமானால் மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு நடை, ஒரு காப்பி. மதியம் தூங்க விட்டுவிடுங்கள். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஒரு சித்திரை மாதம் பதினொன்றரை மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம், செருப்பில்லாமல் அந்தக் கருங்கல் தரையில். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த 216 அடி விமானத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடி ஓடியதுதான் மிச்சம், மகனுக்குக் குதிகாலில் கொப்புளம். ஆடியிலும் நம் பக்கம் வெயில் ஒன்றும் குறைச்சலில்லை. ஏழு மணிக்குப் போங்கள், இல்லாவிட்டால் போகாதீர்கள்.

பெரியவளுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது தாராசுரம். கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது, இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பெரிய கூட்டம் இருக்காது, பிள்ளைகள் ஓடப் புல்வெளி உண்டு. அங்கே ஒரு சின்னச் சிற்பம், ரிஷபகுஞ்சரம் என்பார்கள். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும், இரண்டுக்கும் சேர்த்துத் தலை ஒன்றுதான். இடது பக்க உடம்பைக் கையால் மறைத்தால் ஒரு பிராணி, வலது பக்கத்தை மறைத்தால் இன்னொன்று. என் மகன் அதை விட்டு நகர அரை மணி நேரம் ஆயிற்று. கையை வைப்பான், "ஆனை" என்பான், கையை மாற்றுவான், "மாடு" என்பான், கண்ணைத் தேய்த்துக்கொள்வான், மறுபடியும் முதலிலிருந்து. வழிகாட்டி ஒருவர் சோழர் கதை சொல்ல வந்து, பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிள்ளைகள் கோயிலைப் பார்ப்பதில்லை, கோயிலில் தங்கள் உயரத்துக்கு என்ன இருக்கிறதோ அதைப் பார்க்கிறார்கள். அவசரப்படுத்தாமல் நின்றுவிடுங்கள், மிச்ச மண்டபத்தை நீங்களும் அவரும் மாறி மாறிப் போய்ப் பார்க்கலாம். மாமியார் சுவாமிமலை கேட்பார், 60 படி, தமிழ் வருடம் அறுபதுக்கும் ஒவ்வொன்று. மூட்டுவலியோடு ஏற வேண்டாம், ஏறாமல் கும்பிடக் கும்பகோணத்தில் கோயிலுக்கா பஞ்சம்.

கடலும் காடும் வேண்டுமென்றால் வேறொரு நாள் வீட்டிலிருந்தே கோடியக்கரை போய் வரலாம். வெளிமான்களுக்காக 1967-ல் சரணாலயமாக்கிய இடம், காலையில் போனால் திறந்த வெளியில் மான் நிற்பதைப் பார்க்கலாம். குரங்கு உண்டு, தின்பண்டத்தைக் கையில் காட்டாதீர்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் படகு எனக்குப் பிடிக்கும், ஆனால் சின்னவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் ஏறாதீர்கள்.

சில்லறை விஷயங்கள். கார் எடுத்தாலும் சரி, பஸ் ஆனாலும் சரி, பெரியவளை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துத் தூரத்தில் தெரிகிறதைப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் போனைக் கொடுக்காதீர்கள். கிளம்பும் முன் வயிறு நிறையப் பால் வேண்டாம், ஒன்றரை இட்லி போதும். மருந்து டாக்டர் சொன்னால் மட்டும். அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரைக்கும் டிக்கெட் இல்லை. பஸ் ஸ்டாண்டுகளில் 2015-ல் வந்த பாலூட்டும் அறை இருக்கும், பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் யாரிடம் சாவி என்று சத்தமாகக் கேளுங்கள், நான் கேட்டுத் திறக்க வைத்திருக்கிறேன். ஓஆர்எஸ் நாலு பாக்கெட் வாங்கி வையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கொடுப்பது கூடாது. மறுநாளுக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது. மிளகாய்ப்பொடி தடவாத எண்ணெய் இட்லி கொஞ்சம், அவல், வாழைப்பழம், இவை இருந்தால் ஓட்டலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஊட்டி எங்கே போய்விடப் போகிறது? சின்னவனுக்கு நாலு வயசாகட்டும், மழை இல்லாத மாதமாகப் பார்த்து லீவு போடச் சொல்லுங்கள். வேன் வேண்டாம், உங்கள் மன்னார்குடியிலிருந்தே கோயம்புத்தூருக்கு ராத்திரி ரயில் செம்மொழி இருக்கிறது. ஐந்து வயசுக்குக் கீழே ரயிலில் டிக்கெட் வேண்டாம், தனி பெர்த்தும் கிடைக்காது. ஐந்தைத் தாண்டிய பிள்ளைக்குப் பெர்த் கேட்டால் 2016-லிருந்து முழு டிக்கெட். மாமியாருக்குக் கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள். பச்சைக் குழந்தைகளுக்கென்று 2022-ல் லக்னோ ரயிலில் பேபி பெர்த் ஒன்று வைத்துப் பார்த்தார்கள், பெரிய செய்தியாக வந்தது. நம் ஊர்ப் பெண்கள் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே ரயில் பெட்டியில் புடவையால் தூளி கட்டியாயிற்று. மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், ஏற ஐந்து மணி நேரம், சின்னப் பிள்ளைகளுக்கு அது ரொம்ப நீளம். குன்னூர் வரை காரில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயிலில் போங்கள். காருக்கு இ-பாஸ் எடுக்க மறந்துவிட வேண்டாம், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்துவிட்டது.

ஒன்று விட்டுப்போயிற்று. மேட்டூரை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்திருந்தால், அவர் வரும்போது ஆற்றில் தண்ணீர் ஓடும். ஒரு காலை கல்லணைக்குப் போய் வாருங்கள், ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் வேண்டாம், கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பீர்களா மாமியாரைப் பிடிப்பீர்களா. தண்ணீரில் இறங்க வேண்டாம், சுழல் உண்டு, பெரியவள் கை உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஷட்டர் சத்தத்தில் பேசுவது கேட்காது, குனிந்து அவள் காதில் சொல்ல வேண்டியிருக்கும்: இங்கே ஆறு காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நாலாகப் போகிறது, அதில் வெண்ணாறு நீடாமங்கலத்துக்கிட்டே மறுபடி பிரிகிறது, அங்கிருந்து வருகிறதுதான் நம்ம ஊர் பாமணியாறு என்று. திரும்பும் வழியில் வெண்ணாறு அப்படிப் பிரிகிற மூணாறு தலைப்பிலும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு நம் ஆற்றங்கரையே போதும். எங்கள் பக்கம் அன்றைக்குப் பிள்ளைகள் சப்பரத்தட்டி என்கிற சின்னத் தேர் இழுப்பார்கள். உங்கள் வீட்டுக்காரரும் சின்ன வயசில் இழுத்திருப்பார். கட்ட இன்னும் கை வருமா என்று அடுத்த வீடியோ காலில் கேட்டுப் பாருங்கள், வரும் என்றால் கலர் பேப்பரும் நாலு சக்கரமும் வாங்கி வையுங்கள், பசை மட்டும் வீட்டில் மைதாவில் காய்ச்சிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா