பி.எஸ்சி. இயற்பியல், வானியல்: கேள்வி பதில்

கே: வானியல் படிக்க ஆசை. பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. வானியல் கிடையாதே?

ப: கவலை வேண்டாம். பி.எஸ்சி. இயற்பியல் எடுங்கள், அல்லைடு கணிதத்தோடு. வானியல் எம்.எஸ்சி.யிலோ பிஎச்.டி.யிலோதான் தனியாகப் பிரியும். விண்மீனின் உட்புறம் என்பதே வெப்ப இயக்கவியலும் அணுக்கரு இயற்பியலும்தான். அந்தப் பேப்பர்களில் அரியர் வைக்காதீர்கள்.

கே: கிரேட்டிங் (நெருக்கமாகக் கோடு கீறிய, ஒளியைப் பிரிக்கும் தகடு) செய்முறையில் சோடியத்தின் மஞ்சள் கோடு இரண்டாகப் பிரியவில்லை. கிரேட்டிங் பழசா?

ப: பெரும்பாலும் ஒளி நுழையும் பிளவுதான் (ஸ்லிட்) குற்றவாளி. சோடியக் கோடுகளின் அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர். முதல் ஆர்டரில் (நேர் ஒளிக்குப் பக்கத்தில் முதலில் வரும் நிறமாலையில்) இவற்றைப் பிரிக்க கிரேட்டிங்கின் ஏறக்குறைய 1,000 கோடுகளில் ஒளி பட்டால் போதும். அங்குலத்துக்கு 15,000 கோடுள்ள கிரேட்டிங்கில் 2 மி.மீ. அகலத்திலேயே அவ்வளவு உண்டு. ஆனால் முதல் ஆர்டரில் இரண்டுக்கும் இடையே 1.3 நிமிடக் கோணம்தான். கோணம் அளக்கும் வெர்னியரின் மீச்சிற்றளவே 1 நிமிடம். பிளவு 0.1 மி.மீ. திறந்திருந்தாலே இரண்டும் ஒட்டிவிடும். முழுக்க மூடி, கோடு மங்கலாகத் தெரியும்வரை மட்டும் திறங்கள். பிறகு 44 டிகிரிக்குப் பக்கத்தில் இரண்டாம் ஆர்டரைத் தேடுங்கள். அங்கே இடைவெளி 3.4 நிமிடம். ஒளி குறைவு, ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும். மூன்றாம் ஆர்டர் இந்த கிரேட்டிங்கில் வராது, சைன் மதிப்பு 1-ஐத் தாண்டிவிடும்.

கே: புவியீர்ப்பு முடுக்கம் g காணும் ஊசல் செய்முறையில் ஏன் 20 அலைவு? வைவாவில் மாட்டிக்கொண்டேன்.

ப: ஸ்டாப்வாட்ச் அழுத்துவதில் கை 0.2 விநாடி பிசகும். 2 விநாடி ஊசலில் ஓர் அலைவுக்கு அது 10%. g-இல் அலைவு நேரம் T வர்க்கமாக வருவதால் 20%. இருபது அலைவுக்கு 40 விநாடி, பிழை 0.5%, g-இல் 1%.

கே: டெலஸ்கோப் இல்லாமல் புராஜெக்ட் செய்ய முடியுமா?

ப: பெர்சியஸ் குழுவில் உள்ள அல்கால் என்ற ஒளி மாறும் விண்மீன் போதும், வெறும் கண்ணே போதும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளித்தரம் 2.1-இலிருந்து 3.4-க்கு இறங்கும் (எண் கூடினால் ஒளி குறைவு). மங்கி மீள ஏறக்குறைய 10 மணி நேரம். சிறுமத்துக்கு (மிகவும் மங்கும் நேரத்துக்கு) முன்னும் பின்னும் 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுங்கள். ஒப்பிட எப்சிலான் பெர்சியை வைத்துக்கொள்ளுங்கள்; பக்கத்திலுள்ள ரோ பெர்சி வேண்டாம், அதுவே ஒளி மாறும் விண்மீன். சிறும நேரத்தில் 20 நிமிடம் தவறினாலும், 8 சுற்று கழித்து வரும் சிறுமத்தையும் (23 நாளுக்கு ஒன்றரை மணி நேரம் குறைவு) பார்த்து எட்டால் வகுத்தால் பிழை 2.5 நிமிடம். ஊசலில் செய்த அதே வேலைதான். நம்மூரில் நவம்பரை நம்பாதீர்கள், மழை மேகம். ஜனவரியில் தொடங்குங்கள்.

கே: எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வில் தெரியாததை ஊகிக்கலாமா?

ப: ஒரே விடைக் கேள்விகளில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், இரண்டு விடைகளையாவது ஒதுக்க முடிந்தால் ஊகியுங்கள். பல விடைக் கேள்வியிலும் எண் விடையிலும் கழிவு இல்லை, வெற்றாக விடாதீர்கள்.