மெதுவாகக் குளிர்ந்த கண்ணாடி மட்டும் ஏன் கரைகிறது?

கேள்வி: அணுக்கழிவை உருக்கி அடைத்துவைக்கும் போரோசிலிகேட் கண்ணாடி நீரில் கரையாமல் தாங்கட்டும் என்று அலுமினாவை (அலுமினியம் ஆக்சைடு) எடையில் 15% ஆக்கினோம். சிலிக்கா 40, சோடியம் ஆக்சைடு 20, போரான் ஆக்சைடு 8, மீதி 17 கதிரியக்கமற்ற மாதிரிக் கழிவு. சட்டென்று குளிர்வித்த துண்டு 7 நாள் கரைவுச் சோதனையில் தேறியது. மெதுவாகக் குளிர்வித்ததில் போரான் பல மடங்கு கரைகிறது. என்ன பிழை?

பதில்: முதலில் சந்தேகிக்க வேண்டியது நெஃபலினை, அதாவது மெதுவாகக் குளிரும்போது கண்ணாடிக்குள் உருவாகும் சோடியம் அலுமினியம் சிலிகேட் படிகத்தை. அலுமினா நல்லதுதான், கண்ணாடிக்குள் இருக்கும் வரை. நெஃபலின் பிரியும்போது ஒரு மோல் சோடியம் ஆக்சைடுடன் ஒரு மோல் அலுமினாவும் இரண்டு மோல் சிலிக்காவும் போய்விடுகின்றன. கண்ணாடியின் அணு வலைப்பின்னலைக் கட்டிவைத்த அலுமினாவும் சிலிக்காவும் குறைந்து, எஞ்சிய கண்ணாடியில் போரான் செறிகிறது. நீர் அதை எளிதில் அரிக்கும். உண்மையான கலனின் நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும். எனவே சட்டென்று குளிர்வித்த துண்டின் முடிவை மட்டும் நம்பாதீர்கள்.

எடைக் கணக்கில் சிலிக்காவை, சிலிக்கா, சோடியம் ஆக்சைடு, அலுமினா மூன்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 0.62-க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. உங்களுடையது 40/75, அதாவது 0.53. இது சற்றுக் கறாரான வரம்பு. இதற்குக் கீழும் படிகமாகாத கலவைகள் உண்டு. ஆகவே எந்தப் படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பினெல் (இரும்பு, குரோமியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு படிகம்) தெரிந்தால் கரைவைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. அது உலையின் அடியில் படிந்து தொல்லை தரும் என்பது வேறு விஷயம்.

சிலிக்கா 46, சோடியம் ஆக்சைடு 15, அலுமினா 11, போரான் ஆக்சைடு 11 என்று தொடங்கிப் பாருங்கள்: 46/72, அதாவது 0.64. சோடியம் குறைந்தால் உருகல் கெட்டிப்படும். போரான் அதை ஓரளவு இளக்கும், நெஃபலினையும் தடுக்கும். அதற்காக அள்ளிக் கொட்டினால் கரைவு கூடிவிடும். அலுமினா கழிவிலிருந்தே வருகிறதென்றால், அதைக் குறைக்கக் கழிவின் பங்கைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

சோதனைத் தூள் 75 முதல் 150 மைக்ரான். ஒரு கிராமுக்கு 10 மில்லிலிட்டர் நீர், 90 டிகிரி செல்சியஸ். ஒட்டியிருக்கும் நுண்தூளைக் கழுவாவிட்டால் கரைவு பொய்யாக ஏறும். நீரில் கரைந்த போரானின் அளவை வகுக்க வேண்டியது கண்ணாடியில் உள்ள போரான் தனிமத்தின் பங்கால்: ஆக்சைடு 11% என்றால் போரான் 3.4% தான். ஆக்சைடால் வகுத்தால் கரைவு மூன்றில் ஒரு பங்காகத் தெரியும்.

ஒன்று கவனம்: 7 நாள் முடிவு கலவைகளை ஒப்பிட மட்டுமே. வேகம் அடங்கிய கரைவு, ஜியோலைட் படிகங்கள் (நுண்துளைகள் கொண்ட அலுமினியம் சிலிகேட்டுகள்) தோன்றியதும் மீண்டும் வேகமெடுக்கலாம். அலுமினாவும் காரத்தன்மையும் மிகுந்த கலவையை மாதக்கணக்கில் வைத்துச் சோதியுங்கள்.