இரட்டை இறக்கை கிட்: கேட்டதும் சொன்னதும்

சாப்வித் கேமல் என்ற முதல் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், 1/48 அளவு, பொருத்து முளைகளே இல்லாத ஷார்ட் ரன் (குறைந்த எண்ணிக்கையில் தயாராகும்) கிட். அதைக் கட்டி முடித்திருக்கிறேன் என்று சொன்னதும் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: மேல் இறக்கை உட்காரவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் கழன்றுவிடுகிறது.

ப: மேல் இறக்கையைத் தாங்கும் எட்டுக் கால்களையும் ஒரே மூச்சில் ஒட்டப் பார்க்கிறீர்கள், அதுதான் காரணம். முதலில் கீழ் இறக்கையை உடலோடு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். கேமலில் மேல் இறக்கை தட்டை, கீழ் இறக்கை மட்டும்தான் நுனி நோக்கி ஏறும். அந்தச் சாய்வு பிசகினால் வெளிக்கால்களின் நீளம் எங்கேயும் ஒத்துவராது. அப்புறம் மேல் இறக்கையை மேசையில் மல்லாத்தி, உடலைத் தலைகீழாக அதன் மேல் நிறுத்தி, இருபுறமும் லெகோ கட்டைகளால் அணைகட்டி, நடுவில் இருக்கும் நான்கு கால்களை மட்டும் மெதுவாக இறுகும் பசையால் ஒட்டுங்கள். அது காய்ந்த பிறகுதான் வெளிக்கால்கள். பசையைத் தொடும் முன் எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். நான் ஐந்து முறை பொருத்திப் பார்த்து, முன் இடது காலில் அரை மில்லிமீட்டர் தேய்த்த பிறகுதான் இறக்கை நேராக நின்றது.

கே: எந்தப் பசை நல்லது?

ப: பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் என்றால் நீர்த்த மாடல் சிமெண்ட் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை). ரெசின் (அச்சில் வார்த்த கெட்டிப் பிசின்), உலோகம் என்றால் சூப்பர் க்ளூ. காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும், சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும்.

கே: ரெசின் எஞ்சினை உப்புத்தாளில் தேய்க்கலாமா?

ப: தண்ணீரில் நனைத்து, முகமூடி போட்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

கே: இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிகளுக்கு மெல்லிய தூண்டில் நரம்பு போதுமா?

ப: ஜெர்மன் விமானம் என்றால் போதும், அவர்கள் உருண்டை முறுக்குக் கம்பிவடம் போட்டார்கள். கேமலில் இருந்தது காற்றை வெட்டும்படி தட்டையாக்கிய எஃகுக் கம்பி. அதன் மெல்லிய விளிம்புதான் காற்றைப் பார்க்கும். அதனால் முன்னாலிருந்து பார்த்தால் கம்பிகள் கிட்டத்தட்ட மறைந்துபோகும், பக்கவாட்டில் பட்டையாகத் தெரியும். உருண்டை நரம்பு போட்டால் அந்த வித்தியாசம் போய்விடும்.

கே: இவ்வளவு சின்ன அளவில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? வீண் பிடிவாதம்.

ப: இல்லை. 0.1 மில்லிமீட்டர் நரம்பு 1/48 அளவில் 4.8 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம், அது எந்தக் கோணத்திலும் அதே தடிமனாகத்தான் நிற்கும். மாடலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், தட்டைக் கம்பி ஒளியில் மின்னி மறையும். அந்த மின்னலுக்காகத்தான் நான் இரண்டு வாரம் கூடுதலாக உட்கார்ந்தேன். வேண்டாம் என்றால் நரம்பே போடுங்கள், ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லாதீர்கள்.

கே: அப்படியானால் 1/72-இலும் தட்டையா?

ப: அங்கே நானும் நரம்புதான் போடுவேன்.

கே: சூப்பர் க்ளூ போட்டுக் கண்ணாடியை ஒட்டலாமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். வெள்ளைப் பசை.

கே: இதுதான் என் முதல் இரட்டை இறக்கை. தாங்குமா?

ப: இதை அலமாரியில் வைத்துவிட்டு ஃபாக்கர் டி.7 (ஜெர்மன் இரட்டை இறக்கைப் போர் விமானம்) கிட் ஒன்று வாங்குங்கள். அதன் இறக்கைகளுக்கிடையே இழுகம்பியே கிடையாது. கால்களை நேராக நிறுத்த மட்டும் அதில் கற்றுக்கொண்டு, அப்புறம் கேமலுக்கு வாருங்கள்.

கே: ரெசினைக் காய்ந்தபடி தேய்த்தால் வேகமாக முடிகிறதே?

ப: முகமூடி. தண்ணீர். இதில் எனக்கு வேறு பதில் இல்லை.

கே: நரம்பு ஒட்டி முடித்தபின் தொய்ந்துவிட்டது. பிரித்துவிட்டு மறுபடி ஒட்டவா?

ப: பிரிக்க வேண்டாம். தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, அந்தச் சூட்டை நரம்புக்குக் கீழே கொஞ்சம் தள்ளியே காட்டுங்கள், நரம்பு சுருங்கி விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும். முதலில் மிச்ச நரம்பு ஒன்றைக் காலி ஸ்பிரூ சட்டத்தில் (பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டம்) கட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.