வைரஸைக் கொன்றால் ரத்தப் புற்றுநோய் போய்விடுமா?

உங்கள் பெரியப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்கிறீர்கள், அது வைரஸால் வருமா, வருமென்றால் அந்த வைரஸைக் கொல்ல மருந்து கொடுத்தால் தீர்ந்ததில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஈரோட்டில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை.

எங்கள் மாமாவுக்கு சி.எம்.எல்., அதுவும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்தான். கோபி பக்கம் மஞ்சக்காடு வைத்திருக்கிறார், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தினமும் இமாடினிப் மாத்திரை போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான் வைத்தியம். யாரோ வாட்ஸப்பில் 'ரத்தப் புற்றுநோய் வைரஸால் பரவுது' என்று அனுப்பிவிட, ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மாமா காப்பி குடித்த டம்ளரை மட்டும் சலதாரை ஓரமாகத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "விடு மாப்ள, அவங்களுக்குக் கழுவற வேலை ஒண்ணு மிச்சம்" என்றார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சி.எம்.எல்.லுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே கிடையாது. பெரும்பாலான ரத்தப் புற்றுநோய்கள் அப்படித்தான். ஆனால் வாட்ஸப்பில் வந்தது முழுப் பொய்யும் இல்லை. 1977ல் ஜப்பானில் தகாட்சுகி என்ற மருத்துவரின் குழு ஒரு புது வகை லுகேமியாவை, அதாவது ரத்தப் புற்றுநோயைப் பற்றி எழுதியது. நோயாளிகளில் நிறையப் பேர் தென்மேற்கே கியூஷு தீவில் பிறந்தவர்கள், ரத்த அணுவின் உட்கரு பூவிதழ் மாதிரி பிரிந்து கிடந்தது. காரணமான எச்.டி.எல்.வி.-1 வைரஸை அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் குழு 1980ல் வெளியிட்டது. தாய்ப்பால், உடலுறவு, ரத்தம், இந்த மூன்று வழிதான் அதற்கு. டம்ளரில் வராது! வைரஸ் உள்ளவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் புற்றுநோய் வருகிறது, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து.

சரி, ஏன் வைரஸைக் கொன்றால் போதாது? அது டி-செல் என்கிற ஒரு வகை வெள்ளணுவுக்குள் போய் அந்த செல்லின் டி.என்.ஏ.விலேயே தன் மரபணுவைத் தைத்துவிடுகிறது. அப்புறம் செல் இரண்டானால் அதுவும் இரண்டாகிறது. மஞ்சளில் விதைக்கிழங்குக்குள்ளேயே நோய் ஏறிவிட்டால் இலைக்கு என்ன மருந்தடித்து என்ன பிரயோஜனம், அந்தக் கதைதான். புற்றுநோய் முற்றும் நேரத்தில், நம் எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக்கொடுக்கக்கூடிய தன் டாக்ஸ் புரதத்தைக்கூடப் பல நோயாளிகளில் அது நிறுத்திவிடுகிறது.

அதனால் வைரஸை விட்டுவிட்டு, கெட்டுப்போன செல்லின் அடையாளத்தைத் தேடினார்கள். இந்தச் செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் சி.சி.ஆர்.4 என்றொரு புரதம் இருக்கிறது. அதைப் பிடிக்கிற மோகமுலிசுமாப் என்ற ஆன்டிபாடிக்கு (குறிபார்த்து ஒட்டிக்கொள்கிற புரத மருந்து) ஜப்பானில் 2012ல் அனுமதி கிடைத்தது. எனக்குப் பிடித்த விஷயம், அந்த ஆன்டிபாடியிலிருந்து ஃபுகோஸ் என்ற ஒரு சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டார்கள், அதனால் நம் உடம்பின் கொல்லி அணுக்கள் அதை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற நல்ல செல்களிலும் அதே சி.சி.ஆர்.4 இருப்பதால் அவையும் சேர்ந்து அடிபடும், தோலில் தடிப்பு வரும், பின்னால் ஸ்டெம்செல் மாற்று செய்தால் சிக்கல் கூடும். 2022ல் வாலெமெடோஸ்டாட் மாத்திரை வந்தது, செல் தனக்குத்தானே பூட்டிவைத்த மரபணுக்களைத் திறந்துவிடுகிற மருந்து. இவ்வளவு இருந்தும் வேகமாகப் பரவுகிற வகையை அடக்குவது இன்னும் கஷ்டம்தான். மாமாவின் நோயில் கெட்டது ஒரே ஒரு சுவிட்ச், ஒரு மாத்திரை அதை அணைத்துவிடுகிறது. இந்த வைரஸ் வகையில் கெட்டுக்கிடப்பது பல, எந்த சுவிட்சை என்று அணைப்பது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கரீபியன், பிரேசில், ஆப்பிரிக்கா, மத்திய ஆஸ்திரேலியாவின் பழங்குடிகள் என்று பல இடங்களில் இந்த வைரஸ் இருக்கிறது. ஜப்பான் மாதிரி காசுள்ள நாட்டிலும் இருந்ததால்தான் இந்த மருந்துகளாவது வந்தன என்பது என் எண்ணம். அங்கே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பரிசோதனை செய்கிறார்கள். வைரஸ் இருந்து தாய்ப்பாலைத் தவிர்த்தால் குழந்தைக்குப் போவது பெருமளவு குறைகிறது. (இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.)

பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து இங்கே போடுங்கள். நம் பக்கத்தில் இந்த வைரஸ் வகையாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதுவரை அவர் டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்தே கழுவுங்கள்.