வெள்ளி நகையைப் பற்றவைக்கும்போது ஊதாக் கறை வராமல் தடுக்க வீட்டிலேயே ஃபிளக்ஸ் தயாரிக்கலாமா?

கேட்டவர் 925 வெள்ளியில் மோதிரமும் டாலரும் செய்கிறார். பற்றவைத்து ஆசிடில் போட்டு எடுத்தால் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதாம். பாலிஷ் போட்டதும் அங்கங்கே சாம்பலும் ஊதாவும் கலந்த திட்டுகள் தெரிகின்றனவாம். மூட்டில் வெங்காரம் (போராக்ஸ்) தாராளமாகத் தடவுவதாகவும் சொல்கிறார்.

தயாரிக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஃபிளக்ஸ் என்பது சூட்டில் உலோகத்தைக் காற்று படாமல் மூடும் பூச்சு. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே காரணமும் இருக்கிறது. மூட்டில் மட்டும் தடவுகிறீர்கள். பற்றாசு (மூட்டை இணைக்க உருகும் உலோகக் கலவை) ஓடுவதற்கு அது போதும். கறையைத் தடுக்க வேண்டுமென்றால், சூடு ஏறுவதற்கு முன்பே பின்புறம், உள்வளையம், விளிம்பு என்று பொருள் முழுவதும் மூடியிருக்க வேண்டும்.

925 வெள்ளியில் 7.5 சதவீதம் வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. சூடான வெள்ளிக்குள் ஆக்சிஜன் மிக எளிதாக ஊடுருவும். மேலே இருக்கும் செம்பு கருப்பு ஆக்சைடாகிறது, அதை ஆசிட் கரைத்துவிடும். உள்ளே போன ஆக்சிஜனோ பரப்புக்குக் கீழே இருக்கும் செம்பைச் சிவந்த ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. அங்கே ஆசிட் எட்டாது. ஆசிட் வெளுக்கச் செய்த மெல்லிய வெள்ளிப் படலம் அதை மறைத்து வைத்திருக்கும். பாலிஷில் அந்தப் படலம் போனதும் திட்டு வெளியே தெரிகிறது. தூய வெள்ளியில் செம்பு இல்லாததால் இந்தத் தொல்லையே கிடையாது.

கலவைக்கு வருவோம். ஜான் பிரிப் என்ற அமெரிக்க வெள்ளிக் கலைஞரின் பெயரால் வழங்கும் கலவையைத்தான் நான் பயன்படுத்துகிறேன்: 1 லிட்டர் தண்ணீருக்கு போரிக் அமிலம் 120 கிராம், வெங்காரம் 80 கிராம், டிரைசோடியம் பாஸ்பேட் 80 கிராம். பத்து கிராம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது, ஏனென்றால் உப்புத் தண்ணீரில் பாஸ்பேட் சுண்ணாம்போடு சேர்ந்து வெண்மையாகப் படிந்துவிடும். கொதிக்கவிட்டுக் கரையுங்கள், பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். பாஸ்பேட் வாங்கும்போது உறையைப் படியுங்கள். அதற்கு மாற்று என்று விற்கப்படும் துப்புரவுப் பொடிகளில் பாஸ்பேட்டே இருக்காது.

வெறும் வெங்காரத்தைப் பொருள் முழுக்கப் பூசினால் போதாதா என்று தோன்றலாம். வெங்காரம் உருகுவது 743 டிகிரி செல்சியஸில். அதுவரை அது பொரிந்து ஓட்டை ஓட்டையாகத்தான் உட்கார்ந்திருக்கும், காற்று உள்ளே போகும். போரிக் அமிலமோ நீரை இழந்து போரிக் ஆக்சைடாகி, 450 டிகிரியை ஒட்டியே இளகி மூடத் தொடங்கிவிடும். உயர்ந்த சூட்டில் உருகும் ஹார்டு பற்றாசு ஓடும் ஏறக்குறைய 780 டிகிரி வரைக்கும் இடைவெளி இல்லாத பாதுகாப்பு கிடைப்பது இந்தச் சேர்க்கையால்தான்.

இருந்தாலும் கலவையைவிடப் பூசும் விதம்தான் முக்கியம் என்பேன். முதலில் பொருளைப் பியூமிஸ் கல் பொடியால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் துளித்துளியாகத் திரளாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். திரண்டால் விரல் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அப்புறம் விளிம்பை மட்டும் இடுக்கியால் பிடித்து, டார்ச்சின் மென்மையான சுடரை விலக்கி விலக்கிக் காட்டி மெல்லச் சூடேற்றுங்கள். சுடரை அகற்றிவிட்டு, மெல்லிய தூறலாக விழும் ஸ்பிரே பாட்டிலால் கலவையை அடியுங்கள். பட்டவுடன் சுர்ரென்று காய்ந்து வெண்மையாக ஒட்டினால் சூடு சரி. வழிந்து ஓடினால் சூடு போதாது. துளிகள் துள்ளித் தெறித்தால் அதிகம், வெள்ளியும் அதற்குள் கருக்கத் தொடங்கியிருக்கும். ஒரே தடவையில் கெட்டியாக அடிக்காதீர்கள். சூடு காட்டி, அடித்து, மறுபடி சூடு காட்டி என்று மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள், இரண்டு பக்கமும். வெள்ளியின் நிறமே தெரியாதபடி வெண்பூச்சு வந்ததும் நிறுத்தலாம். இடுக்கி பிடித்த இடத்தை மறக்காமல் மூடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் கறை விழும்.

அதற்குப் பிறகு பற்றாசை வைத்து, மூட்டில் மட்டும் வழக்கமான வெங்காரக் குழம்பைக் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற வெண்பூச்சு பொங்கி அடங்கி, கண்ணாடி மாதிரி தெளிவாகிவிடும். அந்தக் கண்ணாடிதான் காவல். ஆனால் அது ஓரளவுதான் தாங்கும். நீண்ட நேரம் காய்ச்சினால் அதுவே ஆக்சைடால் நிறைந்து செயலிழந்துவிடும். அதனால் டார்ச்சில் காற்றைக் குறைத்துப் பெரிய, மென்மையான சுடராக வைத்து, பொருள் முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கி, பற்றாசு ஓடியதும் சுடரை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை சூடாக்குவதற்கும் புதுப் பூச்சு வேண்டும், வெள்ளியை மென்மையாக்கிப் பதப்படுத்த மட்டும் சூடாக்கினாலும்கூட. இதைச் சோம்பலால் விடுபவர்கள்தான் ஃபிளக்ஸ் வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள்.

கலவை ஆறியதும் பாட்டிலின் அடியில் படிகம் நிற்கலாம், ஸ்பிரேயின் மூக்கும் அடைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் பாட்டிலை வைத்தால் கரைந்துவிடும்.

ஸ்பிரே வேண்டாம் என்பவர்கள் போரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கலந்து பொருளை முக்கி எடுத்துக் கொளுத்துவார்கள். பச்சைச் சுடரோடு எரிந்து சீரான வெண்பூச்சு தரும். சின்ன நகைக்கு இது நல்ல வழி. ஆனால் ஜாடியின் மூடியைப் போட்டுத் தள்ளி வைத்த பிறகே நெருப்பைத் தொட வேண்டும். மூட்டுக்குத் தனியாக வெங்காரமும் அவசியம்.

எந்த வழியாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். போரிக் அமிலத்தை இனப்பெருக்கத்துக்குக் கேடு தரும் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது, அதன் தூறலைச் சுவாசிக்கவே கூடாது. கர்ப்பிணிகள் இந்த வேலையிலிருந்து விலகியிருக்கட்டும். பாஸ்பேட் தோலை அரிக்கும், கையுறை வேண்டும்.

ஏற்கெனவே கறை விழுந்த துண்டுகளை உப்புத்தாளால் கறை தீரும்வரை தேய்ப்பதுதான் உறுதியான வழி. திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆசிடில் போட்டு மேலே தூய வெள்ளிப் படலம் கொண்டுவந்தும் மறைக்கலாம், ஆனால் மோதிரம் போல உரசும் நகையில் அது தேய்ந்து கறை திரும்பி வரும். தேய்த்து முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை அருகில் பிடித்து அதன் பிரதிபலிப்பில் பாருங்கள். திட்டு மிச்சம் இருந்தால் நிழல் போல அங்கே தெரிந்துவிடும். பாலிஷ் சக்கரத்துக்குப் போவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.